பதிமூன்றரை மணி நேரத்தில் டனீடன்

தூத்துக்குடியிலிருந்து நியூசிலாந்தின் டனீடன் நகரத்துக்கு விமானத்தில் பதிமூன்றரை மணி நேரம்தான் என்று என் அண்ணன் செல்வின் கண்டுபிடித்தபோது, நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, டனீடனில் இருக்கும் என் அக்காவின் கல்யாணத்தை எப்படி நிறுத்துவது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அண்ணன் ஓய்வுபெற்ற வணிகவியல் பேராசிரியர். கைபேசியில் எதைப் படித்தாலும் பாடம் நடத்துகிற குரலில்தான் வாசிப்பார்.

"தூரம் பதினோராயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பறக்குற நேரம் பதிமூணரை மணி. ஏளா ஹெப்சி, நீ புதன்கிழமை காலைல ஏறுனா அன்னைக்கு ராத்திரி அங்கன இருப்ப. வியாழக்கிழமை பேசுத. வெள்ளிக்கிழமை அவ மனசு மாறுது. சனிக்கிழமை கல்யாணம் கிடையாது."

"ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு ஹெப்சி இங்கன வந்துருவாளா?" என்று கேட்டாள் அவர் மனைவி, என் மதினி ஜெயந்தி.

"கிளம்புற நேரத்தைப் பொறுத்தது" என்றார் அண்ணன், முழு நம்பிக்கையோடு.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். அந்த இணையதளம் என்ன செய்திருக்கிறது என்பது பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, அதை விமானத்தின் வேகத்தால் வகுத்திருக்கிறது. அந்தக் கோட்டில் போகிற விமானம் எதுவும் கிடையாது. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் கிளம்பினால் சென்னைக்குப் போகலாம், அதற்கு மேல் அங்கே விசாரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"அண்ணே, நடுவுல மூணு இடத்துல ஏறி இறங்கணும்" என்றேன்.

"ஏறி இறங்குறது பயணத்துல சேராதுளா. அது சும்மா உக்காந்திருக்கிற நேரம்."

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா கிரேஸுக்கு வயது அறுபது. நர்ஸ். இளம் வயதிலேயே வெளிநாடு போனவள். வீட்டில் ஒவ்வொருத்தருக்கும் ஏதோ ஒன்று முடிய வேண்டியிருந்தது: எனக்குப் படிப்பு, அண்ணனுக்கு வேலை, அப்பாவுக்கு ஆபரேஷன். எல்லாம் முடிந்தபோது அக்காவுக்குக் கல்யாண வயதும் முடிந்துவிட்டது என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டோம். அவளிடம் கேட்கவில்லை.

இப்போது அவளாகவே ஒருவரைப் பார்த்துவிட்டாள். பெயர் அந்தோனி மிராந்தா. மனைவியை இழந்தவர். கப்பலில் வந்தவர், நெஞ்சுவலி என்று அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் சேர்ந்து, பிழைத்து, அங்கேயே துறைமுகத்தில் இழுவைப் படகுக்கு எஞ்சினியராகத் தங்கிவிட்டவர். அறுபது வயதில் கல்யாணம் என்பதை அண்ணன் எப்படியும் ஜீரணித்திருப்பார். மாப்பிள்ளை வெள்ளைக்காரராக இருந்திருந்தால் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டமே வைத்திருப்பார். ஆனால் மாப்பிள்ளை மணப்பாட்டுக்காரர். கத்தோலிக்கர், நாங்கள் புராட்டஸ்டன்ட். கடல்காரக் குடும்பம். எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர்.

"உலகத்துல வேற ஆளா கிடைக்கல?" என்று அண்ணன் கேட்டார். அவருக்குச் சபையில் சேகரக் கமிட்டித் தேர்தல் வருகிறது. மகளுக்குச் சாத்தான்குளத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர் கவலைகள் நியாயமானவை, எல்லாமே அவரைப் பற்றியவை.

போகிற ஆளாக நான் அமைந்ததற்குக் காரணம், மே மாத விடுமுறைக்கு வரச்சொல்லி அக்கா எனக்கு முன்பே விசா எடுத்திருந்ததுதான். கணவர் போனபின் தனியாக இருப்பவளை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதும் எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. நானும் மறுக்கவில்லை. "நிறுத்திட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன். எனக்கு ஊர் பார்க்க ஆசை.

புதன்கிழமை. வாகைக்குளம் விமான நிலையத்தை நன்றாகப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கண்ணாடிச் சுவர், பளபளக்கும் தரை, குளிர்சாதனம் எல்லாம் வந்துவிட்டது. விமானம்தான் வரவில்லை. சென்னையிலிருந்து கிளம்பவே இல்லையாம். பக்கத்தில் ஆறுமுகநேரி உப்பு வியாபாரி ஒருவர், வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு போனோடு, கவுன்டர் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"எம்மா, எங்க உப்பு லாரி இந்நேரம் விழுப்புரம் தாண்டிருக்கும். நான் அதுல ஏறிப் போயிருப்பேன்லா?"

அந்தப் பெண் சிரிக்காமல், "சாரி சார்" என்றாள். அவளுக்கு அன்றைக்கு அதுதான் வேலை.

சாயங்காலம் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் பிடிக்க வேண்டிய விமானம் போய்விட்டிருந்தது. அடுத்தது நாளைக்கு என்றார்கள். மீனம்பாக்கத்தில் ஒரு விடுதி அறையில் தோசை தின்றுகொண்டிருக்கும்போது அண்ணன் கூப்பிட்டார்.

"பதிமூணரை மணி ஆயிட்டே. இறங்கிட்டியா?"

"இறங்கிட்டேன்."

"அங்கன குளிரா?"

"ஏசி போட்டிருக்கேன். சென்னைண்ணே இது."

வியாழக்கிழமை சிங்கப்பூரில் கழிந்தது. அந்த விமான நிலையத்துக்குள் தோட்டம் இருக்கிறது, அருவி இருக்கிறது, பட்டாம்பூச்சிகூட இருக்கிறது. மனுஷர் உட்கார்ந்து சாயத்தான் இடம் இல்லை. கிடைத்த நாற்காலிகளில் எல்லாம் தேசத்துக்கு ஒருவராக வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் கணக்கில் சேராத 'சும்மா உக்காந்திருக்கிற நேரம்' இவ்வளவு கூட்டமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அங்கிருந்து ஆக்லாந்துக்குப் போன விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு பஞ்சாபி இளைஞர். நியூசிலாந்தில் மாட்டுப் பண்ணையில் வேலை. எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தூத்துக்குடிப் பக்கம் என்றேன். தெரியவில்லை. வெளியூர்க்காரர்களிடம் எல்லாரும் சொல்வதுபோல, முத்துக் குளிக்கிற கடற்கரை என்று சொல்லிவைத்தேன். அவர் மரியாதையோடு என் காதைப் பார்த்தார்.

"அப்படியானால் இது அசல் முத்தா?"

திருச்செந்தூரில் கோயில் பக்கத்துக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கம்மல். எங்கள் கடலில் முத்துக் குளித்து எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போது நாங்கள் உப்பு விளைவிக்கிறோம், நிலக்கரி இறக்குகிறோம், கடை போர்டுகளில் மட்டும் முத்து என்று எழுதிக்கொள்கிறோம். இதையெல்லாம் அவருக்கு விளக்குவானேன்? "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு அவர் எனக்குத் தண்ணீர், போர்வை, தன் பங்கு கேக் என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆக்லாந்து. அந்த நாட்டில் துப்பாக்கியைக்கூட ஒளித்து எடுத்துப் போகலாம் போலிருக்கிறது, இலை தழையை எடுத்துப் போக முடியாது. சோதனைக்கு நின்ற, மாவோரிப் பூர்வகுடியைச் சேர்ந்த பெண் அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே தூத்துக்குடி மக்ரூன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது என்ன?"

"முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி. மாவு கிடையாது."

"மாவே இல்லாமல் எப்படி நிற்கிறது?"

"நிற்காது. வாயில் போட்டதும் போய்விடும்" என்றேன். அவர் முகத்தில் ஆசை தெரிந்தது, சீருடை தடுத்தது. அடுத்து மதினி எனக்குத் தெரியாமல் வைத்திருந்த பொட்டலம் வந்தது. நெத்திலிக் கருவாடு. அதைப் பிரித்ததும் பின்வரிசையில் நின்ற ஜப்பானியத் தம்பதி வேறு வரிசைக்குப் போய்விட்டார்கள். அதிகாரி மட்டும் அசையாமல் முகர்ந்து பார்த்து, "என் பாட்டி வீட்டு வாசனை" என்று சொல்லி மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் அடியில் இருந்த ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கண்டதும்தான் முகம் மாறியது. கையுறை மாட்டினார், இன்னொரு அதிகாரியை அழைத்தார், இடுக்கியால் எடுத்து உறையில் போட்டு முத்திரை வைத்தார். கருவாடு தப்பித்தது, கறிவேப்பிலை கைதானது. இந்த நாடகம் முடிவதற்குள் டனீடன் விமானம் போய்விட்டது. மறுநாள் காலையில்தான் அடுத்தது.

அக்காவுக்குப் போன் செய்து, "நாளைக்குக் காலைல வாரேன்" என்றேன். "நல்லதா போச்சு, கல்யாணம் ரெண்டு மணிக்குத்தான்" என்றாள். நான் எதற்கு வருகிறேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை விமானம் டனீடனுக்கு மேலே போய்விட்டது. நான் பார்த்தேன், வெறும் வெள்ளை. பனிமூட்டம். மூன்று சுற்றுச் சுற்றினார்கள். விமானி ஒலிபெருக்கியில் வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி நிதானமாக, "கீழே ஊர் இருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை" என்று சொல்லி, திரும்பிப் பறந்து கிறைஸ்ட்சர்ச்சில் இறக்கிவிட்டார். மீதித் தூரம் பஸ்.

எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் பாதிப்பேர் மேனேஜரைக் கேட்டிருப்பார்கள், மீதிப்பேர் வீடியோ எடுத்திருப்பார்கள். இவர்கள் வரிசையாகப் போய், வரிசையாகப் பெட்டி எடுத்து, வரிசையாகப் பஸ்ஸில் ஏறினார்கள். டிரைவர் ஏறியதும் எல்லாரும் அவருக்கு நன்றி சொன்னார்கள். அவர் இன்னும் வண்டியை எடுக்கவே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

பக்கத்தில் ஒரு வயதான பெண்மணி, ஆட்டுப் பண்ணைக்காரர். எங்கே போகிறாய் என்று கேட்டார். அக்கா கல்யாணத்துக்கு என்றேன்.

"எத்தனை மணிக்கு?"

"இரண்டு மணிக்கு."

அவர் கடிகாரத்தைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, என் கையில் ஒரு ஆப்பிளை வைத்தார்.

வழி நெடுக ஆடுகள். வயல் என்று நினைத்தால் புல். தாமிரபரணிப் பாசனத்தில் இதில் ஒரு மூலை எங்களுக்குக் கிடைத்திருந்தால் முப்போகம் எடுத்து, வரப்புக்கு மூன்று வழக்குப் போட்டிருப்போம். நடுவழியில் ஒரு சின்ன ஊரில் டிரைவர் வண்டியை நிறுத்தி, தனக்குச் சட்டப்படி ஓய்வு நேரம் என்று அறிவித்து, 'பை' என்கிற பலகாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார். சூடான மாவுக்குள் ஆட்டுக்கறிக் கூட்டு அடைத்தது அந்தப் பை. நானும் ஒன்று வாங்கினேன். உப்பு குறைவு. அந்த ஊரில் எல்லாவற்றிலும் உப்பு குறைவு.

அங்கே நின்றுகொண்டு அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, நான் இன்னும் பஸ்லதான் இருக்கேன். ரெண்டு மணிக்கு வர முடியாது."

"மெதுவா வா. நீ வந்த பிறகுதான் நடத்தணும்னு சொல்லிட்டேன்."

பாதி தின்ற பையைக் காகிதத்தில் சுற்றினேன். "அக்கா, அண்ணன் என்னை எதுக்கு அனுப்பிருக்காருன்னு..."

"தெரியும்ளா. நிறுத்தத்தான் வார." அவள் சிரித்தாள். "எனக்கு நிறுத்துறதுக்காவது வீட்டுலேருந்து ஒரு ஆள் வரணும்லா? வா."

டனீடனில் பஸ் நின்றபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கோட்டு சூட்டும் டையும் போட்ட ஒருவர், நெட்டையாக, கறுப்பாக, நரைத்த மீசையோடு, மீன் பெட்டிகள் கிடந்த ஒரு பழைய வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னிடம் வந்து பெட்டியை வாங்கினார்.

"நான்தான்மா அந்தோனி. நீங்க நிறுத்த வந்த மாப்பிள்ளை."

அவர் குனிந்து ஒரு கால் ஷூவை ஆட்டிப் பார்த்தார். "புதுச் சப்பாத்து. மத்தியானத்துலேருந்து போட்டிருக்கேன், கடிக்குது. வாங்க, ஏறுங்க. குளிரும்."

வண்டியில் போகும்போது நான்தான் பேச்சை எடுத்தேன். மணப்பாட்டுக்கு இரண்டு தடவை வந்திருக்கிறேன் என்றேன். இரண்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடச் சுற்றுலா. கோயிலைப் பார்த்தோம், மணல்மேட்டில் போட்டோ எடுத்தோம், ஊருக்குள் போகாமல் திரும்பிவிட்டோம்.

"நான் நாசரேத்துல ரெண்டு வருஷம் இருந்திருக்கேன்மா" என்றார். "வெல்டிங் படிக்க வந்தேன். மொத மாசம் பூரா ரூம் தேடுனேன். நல்ல மனுஷங்கதான், தண்ணி குடுத்து உக்கார வச்சு விசாரிப்பாங்க. மணப்பாடுன்னு சொன்னதும், 'நீங்க மீன் சமைப்பீங்க, வீடு நாறும்'னு சொல்லிருவாங்க. சொல்லும்போதே அடுப்படியிலேருந்து மீன்கொழம்பு வாசம் வரும்."

"எந்தத் தெரு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. எங்கள் தெரு இல்லை என்று அவர் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

அவர் சத்தமாகச் சிரித்தார். "எல்லாத் தெருவும்தாம்மா."

கல்யாணம் துறைமுகத் தொழிலாளர் மண்டபத்தில். வெளியே மரக்கட்டை ஏற்றும் கப்பல் ஒன்று நின்றது. தூத்துக்குடியில் துறைமுகப் பக்கம் போனால் சட்டைக் காலரில் நிலக்கரித் தூசி படியும், இங்கே அறுத்த மரத்தின் வாசனை. உள்ளே கேரள நர்ஸுகள், பிலிப்பைன்ஸ் நர்ஸுகள், படகுக்காரர்கள். மூன்று மணி நேரமாகக் காத்திருந்தும் யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் நுழைந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். கல்யாணத்தை நிறுத்த வந்தவளுக்கு இப்படி ஒரு வரவேற்பு எங்கும் கிடைத்திருக்காது.

அக்கா மெரூன் பட்டுச் சேலையில் இருந்தாள். நன்றாக நரைத்திருந்தாள், மறைக்கவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு, காதருகே சொன்னாள்: "சொல்ல வேண்டியத சொல்லிரு ஹெப்சி. அவுக வச்ச மீன்கொழம்பு ஆறிப் போவும்."

அண்ணன் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார். குடும்ப மானம், சபை, ஊர்ச் சிரிப்பு, வயது என்று அந்த வரிசையில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் சொல்லச் சொன்னதை அவரே சொல்லட்டும் என்று தோன்றியது. போனை எடுத்து வீடியோவில் அண்ணனைக் கூப்பிட்டேன்.

ஊரில் சனிக்கிழமை காலை. அண்ணன் கைவைத்த பனியனோடு திரையில் வந்தார். "என்னளா, நிறுத்திட்டியா?" என்றார். நான் 'எங்கள் அண்ணன், பேராசிரியர்' என்று சொல்லிப் போனைக் கல்யாணம் நடத்தி வைக்கும் பதிவாளர் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் பெயர் ஹெலன். ஆறடி உயரம், வெள்ளை முடி, நீலக் கண்.

"வணக்கம் பேராசிரியர் அவர்களே" என்றார் ஹெலன் ஆங்கிலத்தில். "கிரேஸின் அண்ணன் பேசுவதற்காக நாங்கள் எல்லாரும் காத்திருக்கிறோம்."

திரையில் அண்ணன் காணாமல் போனார். திரும்பி வந்தபோது சட்டை போட்டிருந்தார், கண்ணாடியும் மாட்டியிருந்தார். தொண்டையைச் செருமினார். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் தம்மைப் பேராசிரியர் என்று அழைத்துப் பேச்சுக்குக் காத்திருப்பது அண்ணனுடைய வாழ்க்கையில் அதுவரை நடந்ததில்லை. குடும்ப மானத்துக்கு ஆங்கிலத்தில் அவரிடம் சொற்கள் இல்லை. ஆண்டுவிழாவுக்கு இருந்தன.

"மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களே, மேன்மைமிகு விருந்தினர்களே" என்று தொடங்கினார். இந்த நன்னாளில் உங்கள் நடுவே இருக்க முடியாமைக்கு வருந்துகிறேன் என்றார். திருமணம் என்பது ஒரு புனிதமான கூட்டாண்மை என்றார். வணிகவியல். பிறகு நிறுத்தத் தெரியாமல் ஜெபத்துக்குள் போய்விட்டார். நர்ஸுகள் தலை குனிந்தார்கள், படகுக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஆக்லாந்து, டனீடன், துறைமுகம், கப்பல் எல்லாவற்றையும் ஆசீர்வதித்து முடித்தார். மண்டபம் முழுக்க ஆமென் சொன்னது. அந்தோனியின் குரல்தான் உரக்கக் கேட்டது.

ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு அழகான வாழ்த்தை நான் கேட்டதில்லை" என்றார். அண்ணன் தலை வணங்கினார். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும். படம் அப்படியே நின்று, இணைப்பு போய்விட்டது.

சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இழுவைப் படகின் கேப்டன். அக்கா பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"நிறுத்த வந்தவ கையெழுத்துப் போடலாமாக்கா?"

"வந்தது நீ மட்டும்தானளா" என்றாள்.

போட்டேன். மீன்குழம்பு ஆறியிருந்தது. கறிவேப்பிலை இல்லாத குறையைத் தவிர ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். நியூசிலாந்தில் என் தங்கையின் திருமணத்தில் நான் வழங்கிய ஆசியுரை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே, நான் ஊருக்கு அனுப்பியிருந்த படம். அதில் அக்கா இருந்தாள், ஹெலன் இருந்தார், பின்னால் கப்பல்கூட முழுசாக இருந்தது. மாப்பிள்ளையை வெட்டிவிட்டிருந்தார்.

அக்கா பார்த்துவிட்டுச் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தோனி போனை எடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இல்ல கிரேஸ், பாரு. இங்கன ஓரத்துல என் முழங்கை தெரியுது. அவ்வளவு தூரம் அனுமதிச்சிருக்காரு" என்றார். அவள் முதுகில் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நான் வாழ்க்கையில் ஸ்டேட்டஸ் போட்டவளில்லை. எப்படிப் போடுவது என்று தேடிக் கண்டுபிடித்து, வெட்டாத படத்தைப் போட்டேன். கீழே 'என் அக்காவும் அத்தானும்' என்று தமிழில் எழுதினேன். நாசரேத்து முழுக்க என் போனில் இருக்கிறது. மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், சபைப் பாதிரியாரான ஐயர், ஐயரம்மா, சாத்தான்குளத்துச் சம்பந்தக்காரர் வரைக்கும்.

ஊரில் ஆராதனைக்கு மணி அடிக்கிற நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார்.

"ஏளா, அந்தப் படத்தை எடுத்துரு."

"எடுக்க முடியாதுண்ணே."

"என்னத்துக்கு முடியாது?"

"அவுகளை அத்தான்னு கூப்பிட்டுட்டேன்."

மறுமுனையில் கோயில் மணி மட்டும் கேட்டது. இணைப்பு போய்விட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். இருந்தார்.

"அது கெடக்கட்டும்" என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அந்த வெள்ளைக்காரம்மாவுக்கு என் இங்கிலீஷ் புரிஞ்சுதாமா?"